ஏழு யாருடைய எண்?

சுகர் நோயாளிகள் காத்துக் கிடக்கிற வராந்தாக்களில் ஓர் எண் தொங்குகிறது. அரசு மருத்துவமனை, தனியார் கிளினிக் என்ற பேதம் இதற்கு இல்லை. ஏழு. ஹெச்பிஏ1சி ஏழுக்குக் கீழே. சுவரொட்டியில் சிரிக்கிற குடும்பம் சிவப்பாக, கொழுகொழுவென்று இருக்கிறது. மேசை மேல் ஆப்பிள் இருக்கிறது. ஏழுக்குக் கீழே வந்தால் நல்ல நோயாளி. மேலே போனால் 'கன்ட்ரோல் இல்லாதவன்'. இந்தக் 'கன்ட்ரோல்' என்ற வார்த்தையை நம் தெருவைப் பற்றி யார் யார், எதற்கெல்லாம் சொல்லியிருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வாயில் கன்ட்ரோல் இல்லை, குடியில் கன்ட்ரோல் இல்லை, பிள்ளை பெறுவதில் கன்ட்ரோல் இல்லை. இப்போது ரத்தத்திலும் இல்லை.

இது யார் வைத்த ஏழு? யாருடைய உடம்பை அளந்து, யாருடைய அடுப்பங்கரையைப் பார்த்து வைத்தார்கள்? இதைக் கேட்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. கேட்ட பிறகு அவரவருக்கு ஓர் எண் வைத்துக்கொள்ள வேண்டும். அதையும் மருத்துவரோடு உட்கார்ந்து வாதாடி வைத்துக்கொள்ள வேண்டும். இது மருத்துவத்துக்கு எதிரான பேச்சு இல்லை. பாகற்காய்ச் சாறு, சிறுகுறிஞ்சான் பொடி என்று ஆளைத் திசைதிருப்புகிற பேச்சும் இல்லை. மாத்திரையை நிறுத்து, இன்சுலினை நிறுத்து என்று சொல்பவன் எவனாக இருந்தாலும், எந்த மரபின் பெயரால் சொன்னாலும், அவன் நம் காலை வெட்ட வருகிறவன்.

எனக்கு வயது 36. 31இல் சுகர் வந்தது. எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு: எனக்கு, அம்மாவுக்கு, சித்தப்பாவுக்கு. ஒரே ரத்தம் என்கிறோம், ஆனால் மூன்று பேருக்கும் ஒரே எண் பொருந்தவில்லை. அது ஏன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

வங்கியில் வேலை பார்ப்பவனுக்கு 'டார்கெட்' என்ற சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. டெபாசிட் டார்கெட், நகைக்கடன் டார்கெட், இன்சூரன்ஸ் டார்கெட். மண்டல அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் வரைபடத்தைப் பார்த்து எண் போடுவார். நெல் அறுவடையை நம்பியிருக்கிற கிளைக்கும் நகரத்துக் கடைவீதிக் கிளைக்கும் ஒரே சதவீத வளர்ச்சி கேட்பார். எண் வரவில்லை என்றால் கிளை மேனேஜர் சோம்பேறி. அதனால் மார்ச் 31க்கு இரண்டு நாள் முன்னால் தெரிந்தவர்களைக் கெஞ்சிப் பணத்தைக் கொண்டுவந்து போடுவார்கள், ஏப்ரல் 2இல் அது வெளியே போய்விடும். நம் ஆட்கள் சுகர் டெஸ்டுக்கு முந்தின ரெண்டு நாள் சோத்தைக் குறைச்சுட்டுப் போறது இதே வேலைதான். அன்றைய வெறும்வயிற்றுச் சர்க்கரை அன்றைய கணக்கு இருப்பு மாதிரி, ஏமாற்றலாம். ஹெச்பிஏ1சி என்பது மூன்று மாதச் சராசரி இருப்பு மாதிரி. அதை ரெண்டு நாள் பட்டினியால் ஏமாற்ற முடியாது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அத்தனை நாளும் ரத்தத்தில் ஓடிய சர்க்கரை ஹீமோகுளோபினில் போய் ஒட்டிக்கொள்கிறது. எத்தனை சதவீதம் ஒட்டியிருக்கிறது என்று பார்க்கிறார்கள், அவ்வளவுதான். 7 என்றால் சராசரிச் சர்க்கரை சுமார் 154; 8 என்றால் 183; 9 என்றால் 212.

ஆனால் சராசரி என்பதில் ஒரு சூது இருக்கிறது. எப்போதும் பத்தாயிரம் வைத்திருக்கும் கணக்குக்கும், ஒருநாள் இருபதாயிரம் மறுநாள் வெறும் பூஜ்யம் என்று ஆடுகிற கணக்குக்கும் சராசரி ஒன்றுதான். பூஜ்யம் வந்த நாளில் அந்தக் கணக்குக்காரன் வீட்டில் என்ன நடந்தது என்று சராசரி சொல்லாது. சர்க்கரை 50க்கு இறங்கிய நாளில் ரோட்டில் யார் விழுந்தார் என்றும் ஏழு சொல்லாது.

இந்த ஏழின் கதையைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம். 1983இலிருந்து 1993 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல்வகை நீரிழிவு உள்ள 1,441 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. டிசிசிடி என்று பெயர். எல்லோரும் 13 முதல் 39 வயதுக்காரர்கள். ஒரு பாதிக்குத் தீவிர சிகிச்சை, சுமார் ஏழு. மறுபாதிக்கு அன்றைய வழக்கமான சிகிச்சை, சுமார் ஒன்பது. ஏழில் இருந்தவர்களில் புதிதாகக் கண்நோய் வருவது 76 சதவீதம் குறைந்தது. சாதாரண விஷயம் இல்லை இது, கண் சம்பந்தப்பட்டது. ஆனால் அதே ஏழுக்காரர்களுக்கு, இன்னொருவர் வந்து தூக்கிவிட வேண்டிய அளவுக்குச் சர்க்கரை இறங்கிப்போவது மூன்று மடங்கு நடந்தது. இரண்டாம் வகைக்காரர்களை வைத்து இங்கிலாந்தில் 1977இல் தொடங்கிய யூகேபிடிஎஸ் ஆய்வின் முடிவு 1998இல் வந்தது. புதிதாக நோய் கண்டவர்கள். 7.0க்கும் 7.9க்கும் இடையிலான அந்தச் சின்ன வித்தியாசம் கண், சிறுநீரகம் போன்ற சின்ன ரத்தக்குழாய்ச் சேதத்தை 25 சதவீதம் குறைத்தது. அப்போது ஏழு மருத்துவ உலகின் கட்டளை ஆனது.

கட்டளை ஆனபின், ஏழு நல்லதென்றால் ஆறு இன்னும் நல்லதுதானே என்று கேட்டார்கள். 10,251 பேரை வைத்து அக்கார்ட் ஆய்வு. சராசரி வயது 62. ஏற்கெனவே இருதய நோய் இருப்பவர்கள், அல்லது வர வாய்ப்பு அதிகம் உள்ளவர்கள். ஒரு பாதியை ஆறுக்குக் கீழே இழுத்துக்கொண்டுவர முயன்றார்கள். 2008 பிப்ரவரியில் அந்தப் பகுதியை அவசரமாக நிறுத்தினார்கள். தீவிர சிகிச்சைப் பக்கம் 257 பேர் இறந்திருந்தார்கள், மறுபக்கம் 203. குறைந்த எண் என்றால் நீண்ட ஆயுள் என்ற நம்பிக்கை அன்றைக்கு உடைந்தது. 2012இல் அமெரிக்க, ஐரோப்பிய நீரிழிவுச் சங்கங்கள் இரண்டும் சேர்ந்து, ஆளைப் பார்த்து இலக்கு வையுங்கள் என்று எழுதின. வயது, நோய் வந்து எத்தனை வருஷம், இருதயம், சிறுநீரகம், சர்க்கரை இறங்குகிற ஆபத்து, வீட்டில் துணைக்கு யார், நோயாளிக்கு என்ன வேண்டும், எல்லாம் பார்க்கச் சொன்னார்கள். இளசாக, மாத்திரையால் சர்க்கரை இறங்கும் பயம் இல்லாமல் இருந்தால் 6.5. பலருக்கு 7. வயசாகி, பல வியாதி சேர்ந்தவருக்கு 8. கர்ப்பிணிக்குக் கணக்கே வேறு. வெறும்வயிற்றில் 95க்குக் கீழே, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120க்குக் கீழே.

ஆகவே நான் சொல்வது கலகம் ஒன்றும் இல்லை, புத்தகத்தில் இருப்பதுதான். வராந்தாவுக்குத்தான் அது வந்து சேரவில்லை. மணிக்கு அறுபது பேரைப் பார்க்கிற மருத்துவருக்கு ஆளைப் பார்க்க நேரம் இல்லை. எண்ணைப் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது. அவர் மேல் மட்டும் பழியைப் போட நான் தயாராக இல்லை. ஆனால் அந்த ஒரு நிமிஷத்தில்கூட, எதிரில் நிற்பவர் கட்டியிருக்கிற சேலையைப் பார்த்து, "உங்க ஆளுங்களுக்கு வாய்க்கட்டே கிடையாது" என்று சொல்ல ஒருவருக்கு நேரம் கிடைத்தது. எங்க அம்மாவிடம். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. உங்கள் ஊர் ஆஸ்பத்திரி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அந்த எண் ஒட்டியிருப்பது ஹீமோகுளோபினில். ஹீமோகுளோபினே குறைவாக இருக்கிறவளுக்கு? தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019-21) இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைவால் வருகிற சோகையில் சிவப்பணு அதிக நாள் கிடக்கிறது, அதனால் ஹெச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். ரத்தம் போனாலோ, ரத்தம் ஏற்றினாலோ, சிவப்பணு சீக்கிரம் உடைகிற கோளாறு இருந்தாலோ குறைவாகக் காட்டும. ஆக ஏழு என்பது நன்றாகச் சாப்பிட்ட ரத்தத்தை மனதில் வைத்த எண். களை எடுக்கப் போகிற, மாசாமாசம் ரத்தம் போகிற, முருங்கைக்கீரைகூட காசு கொடுத்து வாங்குகிற பெண்ணுக்கு 7.8 என்று வந்தால், மாத்திரையைக் கூட்டுவதற்கு முன்னால் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேட்க வேண்டும். மருத்துவர் கேட்காவிட்டால் நாம் கேட்க வேண்டும்.

சித்தப்பாவுக்கு வருகிறேன். 54 வயது. ஒரு நகராட்சியில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். கிளிமிபிரைடு கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அது பார்க்காது. சீட்டில் 'காலை, சாப்பாட்டுக்கு முன்' என்று எழுதியிருந்தது. எழுதியவருக்குக் காலை என்றால் எட்டு மணி, இட்லி. சித்தப்பாவுக்குக் காலை என்றால் நாலரை மணி, வரக்காப்பி. ஐந்தரைக்கு மஸ்டர். குப்பை வண்டியைத் தள்ளிக்கொண்டு நாலு தெரு முடித்துக் கை கழுவிச் சாப்பிட உட்கார பத்து மணி ஆகும். நாலரைக்கு மாத்திரை, பத்துக்குச் சாப்பாடு. நடுவில் அஞ்சரை மணி நேரம் உடம்பு வேலை.

ஒருநாள் எட்டரைக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, வாய் குழறி உட்கார்ந்துவிட்டார். மேஸ்திரி பார்த்துவிட்டு, "காலையிலயே ஏத்திக்கிட்டு வந்துட்டான் பாரு" என்றார். ஆப்சென்ட் போட்டு அன்றைய கூலி வெட்டு. சித்தப்பா குடிப்பதில்லை. சர்க்கரை 70க்குக் கீழே போனால் வருகிற குழறலும் குடிகாரன் குழறலும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். உலகம் பூராவும் இந்தக் குழப்பம் உண்டு. ஆனால் காலர் வைத்த சட்டைக்காரன் நடுங்கினால் "என்ன சார் ஆச்சு, உக்காருங்க" என்பார்கள். துப்புரவுச் சட்டை போட்டவன் நடுங்கினால் குடி. அந்த இடத்தில் அவருக்குத் தேவைப்பட்டது மூணு ஸ்பூன் சர்க்கரை, பதினைஞ்சு கிராம். எதிரில் டீக்கடை. இரட்டைக் குவளையைப் பேப்பர் கப் வந்து மூடி மறைத்துவிட்டது என்கிறார்கள். குப்பை அள்ளின கையோடு கல்லாவுக்குப் பக்கத்தில் போய், "கொஞ்சம் சக்கர குடுங்க" என்று கேட்கிற தூரத்தை எந்தக் கப்பும் மூடவில்லை. கூட வேலை பார்த்த அக்கா ஓடிப்போய்க் கலர் சோடா வாங்கி வந்து வாயில் ஊற்றினார். அது டயட் சோடாவாக இல்லாதது நல்லது.

அப்புறம் அடுத்த மாதம் அவர் ரிப்போர்ட் வந்தது. 6.8. மருத்துவர் சந்தோஷப்பட்டு, "குட், இப்படியே மெயின்டெயின் பண்ணுங்க" என்றார். இப்படியே என்றால் எப்படியே?

இந்த இடத்தில் நம்மில் சிலர் சட்டென்று எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். எண்ணே அதிகாரம், அளவையே வன்முறை, உடம்பை அதன் போக்கில் விடு என்று. சிறுபத்திரிகைக்காரர்களாகிய நமக்கு இது சுலபமாக வரும். இரண்டு பிரெஞ்சுக்காரர் பெயரைப் போட்டால் கட்டுரை முடிந்தது. ஆனால் கண்ணுக்குப் பின்னால் வெடிக்கிற நரம்பு பிரெஞ்சு படித்துவிட்டு வெடிப்பதில்லை. எண் இல்லாமல் போனால் நமக்குத்தான் நஷ்டம். இன்னும் மோசமான ஒன்றும் இருக்கிறது. 'ஆளைப் பார்த்து இலக்கு' என்ற நல்ல வாக்கியம் கீழே இறங்கி வரும்போது, 'ஆளைப் பார்த்து' என்பதற்கு இந்த நாட்டில் என்ன அர்த்தம் ஆகும் என்று நமக்குத் தெரியும். "உங்களுக்கு எட்டு, ஒன்பது இருந்தா போதும்மா, அதுக்கு மேல உங்களால முடியாது." இப்படிச் சொன்ன ஒருவரை நான் கேட்டிருக்கிறேன். எதிரில் நின்றவள் 29 வயதுப் பெண், செங்கல் சூளைக்காரி. அவளுக்கு இன்னும் நாற்பது வருஷம் இந்த நோயைச் சுமக்க வேண்டும். நாற்பது வருஷம் ஒன்பதில் ஓடினால் கண், சிறுநீரகம், கால் எல்லாம் வரிசையாகக் கணக்குக் கேட்கும். நம்மிடையே நோய் இளவயதிலேயே வருகிறது. அதனால் இளவயதுக்காரருக்குத்தான் கறாரான எண் வேண்டும். எட்டு என்பது எழுபது வயதுப் பாட்டிக்குக் கருணை, அந்தப் பெண்ணுக்கு அது கைகழுவுதல்.

ஆகவே எண்ணைத் தளர்த்துவது ஏன் என்று கேட்க வேண்டும். உடம்பு தாங்காததாலா, வசதி இல்லாததாலா? முதலாவது மருத்துவம். இரண்டாவதற்கு எண்ணைத் தளர்த்தக் கூடாது, வசதியைக் கேட்க வேண்டும்.

வசதி என்றால் என்ன? ஸ்ட்ரிப். விரலில் குத்தி ஒரு சொட்டு வைத்துப் பார்க்கிற பட்டை. இதற்கும் ஒரு வரலாறு உண்டு, நம் பத்திரிகையில் எழுத வேண்டிய வரலாறு. 1970 வாக்கில் அமெரிக்காவில் ரத்தச் சர்க்கரை பார்க்கிற கருவி வந்தபோது அதை மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் மட்டுமே விற்றார்கள். நோயாளிக்கு விற்க மாட்டார்கள். தன் ரத்தத்தைத் தானே படிக்க அவனுக்கு அனுமதி இல்லை! ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற இன்ஜினியர், 12 வயதிலிருந்து முதல்வகை நீரிழிவோடு இருந்தவர், மருத்துவராக இருந்த தன் மனைவி பெயரில் அதை வாங்கினார். ஒரு நாளைக்குப் பலமுறை தானே அளந்து, எதைத் தின்றால் எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இன்சுலினுக்கு எவ்வளவு இறங்குகிறது என்று தனக்குத்தானே கண்டுபிடித்தார். அதைக் கட்டுரையாக எழுதி அனுப்பினால் மருத்துவ இதழ்கள் போடவில்லை. மருத்துவர் இல்லையே அவர். 45 வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து மருத்துவர் ஆனார். 2025இல், தொண்ணூறு வயது கடந்து இறந்தார். அவர் சொன்ன உணவுமுறையைப் பற்றி எனக்குக் கேள்விகள் உண்டு, அது பணம் உள்ளவர்களின் தட்டு. ஆனால் படிக்கக்கூடாது என்று வைக்கப்பட்டிருந்த ஏட்டைத் திருட்டுத்தனமாக வாங்கிப் படித்தவன் என்ற வகையில் அவர் எனக்கு உறவுக்காரர்.

இன்றைக்குக் கருவியை யாரும் வாங்கலாம். ஸ்ட்ரிப்தான் கொல்கிறது. ஒரு ஸ்ட்ரிப் போடுற காசுக்கு ரெண்டு டீ குடிக்கலாம். எங்கள் வீட்டில் மாசத்துக்கு எட்டு ஸ்ட்ரிப் என்று வைத்திருக்கிறோம். தினமும் காலையில் ஒரே நேரத்தில் பார்த்து வீணாக்குவதில்லை. ஒருநாள் வெறும்வயிறு, நாலு நாள் கழித்து மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் அப்புறம், இன்னொரு நாள் படுக்கப்போகும் முன், உடம்பு ஒரு மாதிரி இருக்கிற நாளுக்காக இரண்டு கையிருப்பு. 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பெரிய காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இன்சுலின் போடுகிறவர்களுக்கும் கிளிமிபிரைடு வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் மாத்திரையோடு ஸ்ட்ரிப்பும் வர வேண்டும். இறக்குகிற மருந்தைக் கொடுத்துவிட்டு எங்கே இறங்கியது என்று பார்க்கிற கண்ணைக் கொடுக்காமல் இருப்பது என்ன நியாயம்? அம்மாவின் நோட்டில் ஒவ்வொரு முறையும் எண் எழுதியிருக்கிறார்கள். என்னவாக இருக்க வேண்டும் என்ற கட்டம் மட்டும் இல்லை.

சாப்பாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. கையில் கொடுக்கிற டயட் சார்ட்டில் ஓட்ஸ், பாதாம், பன்னீர். ரேஷனில் கிடைப்பது அரிசி. 2011 ஜூன் முதல் அது இலவசம். அதனால் பட்டினி ஒழிந்தது, அதை மறக்கிறவன் பட்டினி பார்க்காதவன். ஆனால் தட்டு முழுக்க அரிசி, ஓரத்தில் ரசம் என்றால் எந்த எண்ணும் நிற்காது. அரிசிக்குப் பதில் கேழ்வரகுக் கூழ் குடித்தால் சுகர் ஏறாது என்று நம் தெருவில் ஒரு நம்பிக்கை. அதுவும் மாவுச்சத்துதான், கரைத்துக் குடித்தால் வேகமாகவே ஏறும். அரிசியைப் பாதியாக்கினால் அந்தப் பாதி வயிற்றை எதால் நிரப்புவது என்பதுதான் கேள்வி. எங்கள் தெருவில் பதில் இருக்கிறது: மாட்டுக்கறி. மாவுச்சத்து இல்லை, புரதம் இருக்கிறது, இரும்பு இருக்கிறது, ஆட்டுக்கறியைவிட விலை குறைவு. கொழுப்பை அரிந்து எடுத்துவிட்டு, கத்திரிக்காயோ அவரைக்காயோ போட்டு வைத்தால் அரிசி தானாகக் குறையும். சிறுநீரகம் கெட்டவர்கள் மட்டும் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும். எந்த டயட் சார்ட்டிலும் இந்த ஒரு வரியை நான் பார்த்ததில்லை. முட்டை வரைக்கும் வருவார்கள், அப்புறம் பேனா நின்றுவிடும்.

பாபாசாகேப் நீரிழிவோடு வாழ்ந்தவர் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. 1948 ஏப்ரலில் மருத்துவர் சாரதா கபீரை அவர் மணந்தபோதே நோயும் கால் நரம்பு வலியும் இருந்தன. அரசியல் சட்ட வரைவு வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. பின்னால் பார்வையும் மங்கியது. 1956 டிசம்பர் 6இல், 65 வயதில் போய்விட்டார். அவர் காலத்தில் வீட்டில் பார்க்கிற கருவி இல்லை. ஹீமோகுளோபினுக்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பை டெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பர் கவனித்ததே 1968இல்தான். சிறுநீரைப் பெனடிக்ட் கரைசலில் காய்ச்சி, பச்சையா மஞ்சளா செங்கல் நிறமா என்று பார்த்த காலம். நம்மிடம் கருவி இருக்கிறது, கணக்கு இருக்கிறது. 'உழைப்பாளி உடம்புக்கு ஒண்ணும் வராது' என்று வீராப்பு பேசுகிற தோழர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கூட்டத்துக்கு ராத்திரி பதினொரு மணி வரைக்கும் டீயிலேயே ஓட்டிவிட்டு, அப்புறம் பரோட்டா சாப்பிடுகிற இயக்கக்காரர்கள் எத்தனை பேருக்குத் தன் எண் தெரியும்?

எங்கள் வீட்டு எண்களைச் சொல்கிறேன். இது உங்களுக்கான சீட்டு இல்லை; எப்படி யோசித்தோம் என்பதற்காக.

எனக்கு 6.5. நாற்காலி வேலை, வயது இருக்கிறது, மெட்ஃபார்மின் மட்டும். அது தனியாகச் சர்க்கரையைக் கீழே தள்ளிவிடாது. முன்னால் நீண்ட வருஷங்கள் கிடக்கின்றன. கறாராக இருப்பதில் எனக்கு நஷ்டம் குறைவு.

அம்மாவுக்கு 68. பதினெட்டு வருஷ நோய், சிறுநீரகம் லேசாக அடிபட்டிருக்கிறது, இரண்டு வேளை கலவை இன்சுலின். பகலில் வீட்டில் தனியாக இருக்கும். ரெண்டு தடவை ராத்திரியில் இறங்கிப்போய் படுக்கை நனைய வியர்த்திருக்கிறது. வேறொரு மருத்துவரிடம் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, வியர்த்ததை எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார். "நீங்க கேக்கலியேம்மா" என்றது அம்மா. அவர் கோபப்படவில்லை. எட்டுக்குக் கீழே இருந்தால் போதும், வெறும்வயிற்றில் 100இலிருந்து 150க்குள், படுக்கும்போது 100க்குக் கீழே இருந்தால் ஒரு டம்ளர் பால், என்று நோட்டில் எழுதிக் கொடுத்தார். ராத்திரி டோஸைக் குறைத்தார். வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை, பிரித்த பாட்டில் மண்பானைக்குள் ஈர மணலில் இருக்கிறது என்றதும் அதையும் கேட்டு எழுதிக்கொண்டார். அம்மாவுக்கு எட்டு என்பது முதலில் அவமானமாக இருந்தது. "உனக்கு ஆறரை, எனக்கு எட்டாடா? நான் என்ன மட்டமா?" என்று கேட்டுச்சு. மட்டம் இல்லைம்மா, நீ விழக்கூடாது, அவ்வளவுதான் என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. இப்போது பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு அதே பாடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

சித்தப்பாவுக்கு 7.5 என்று பேசினோம். எண்ணைவிட முக்கியமாக, கிளிமிபிரைடை நாலரைக்குப் போடாமல் பத்து மணிச் சாப்பாட்டோடு போடச் சொன்னார் மருத்துவர். காலையில் கிளம்புமுன் வெறும் காப்பி கூடாது, ரெண்டு இட்லியோ ஒரு முட்டையும் கொஞ்சம் சோறுமோ. சட்டைப் பையில் எப்போதும் சர்க்கரைப் பொட்டலம். காலுக்கு நகராட்சி கொடுக்கிற பூட்ஸ் அளவு சேரவில்லை. உள்ளே கொப்புளம் வந்தால் மரத்த காலுக்குத் தெரியாது. ராத்திரி சித்தி டார்ச் அடித்துப் பாதத்தைப் பார்க்கிறார்.

சித்தப்பா கேட்டுக்கொண்டதால் சங்கத்துக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். வங்கியில் கடிதம் எழுதி எழுதிப் பழகின கை, அதற்காவது உதவட்டும். எட்டு மணிக்குப் பதினைந்து நிமிஷம் சாப்பாட்டு இடைவேளை. தெருவிலேயே கை கழுவத் தண்ணீரும் சோப்பும். மயங்கி உட்கார்ந்தவருக்கு ஆப்சென்ட் போடுமுன் சர்க்கரை பார்க்க வேண்டும். அளவுக்கேற்ற பூட்ஸ். மஸ்டர் ஷெட்டில் ஒரு கருவி, ஸ்ட்ரிப், ஒரு டப்பா சர்க்கரை. நாற்பத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள்; அதில் பதினோரு பேருக்குச் சுகர் இருப்பது கையெழுத்து வாங்கப் போனபோதுதான் ஒருவருக்கொருவர் தெரிந்தது. கொடுத்து மூன்று மாதம் ஆகிறது, பதில் இல்லை. சர்க்கரை டப்பாவை மட்டும் அவர்களே காசு போட்டு வாங்கி, எறும்பு ஏறாமல் தண்ணீர்த் தட்டில் வைத்திருக்கிறார்கள்.